நான் எழுதிக்கொடுத்த ஆறு பக்கம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் நான் தினமும் காலைத் தேநீர் குடிக்கும் முஸ்லிம் உணவுக்கடையில் இது தொடங்கியது. அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன். என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குமாஸ்தாவாக வந்தவர். அப்பாவும் குமாஸ்தா, நானும் குமாஸ்தா. யாராவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால் எனக்கு அனுதாபம் வருவதற்கு முன்பே பேனா எடுக்கத் தோன்றும்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைக் கல்லூரியில் காப்பியடித்தான் என்று பிடித்துவிட்டார்கள். அவனுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், தண்டனை நீங்கியது. அந்தச் செய்தி சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகள் வரை பரவியது. பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இன்னொருவர் கட்டுரையைத் தன் பெயரில் கொடுத்தவர், தேர்வு அறையில் கைபேசியை அணைக்க மறந்தவர், தோழியிடம் தன் கட்டுரைக் கோப்பைக் கொடுத்துவிட்டு இருவருமாக மாட்டிக்கொண்டவர். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு வருவார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதுவரை முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேருக்குத் தண்டனை நீங்கியது அல்லது குறைந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்திரண்டாவதாக வந்தவள்தான் நான் சொல்ல வந்த பெண். தன் அம்மாவோடு வந்தாள். அம்மா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்தவர், அதே நீலச் சட்டையோடு என் எதிரே உட்கார்ந்தார். பெண் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே நாற்பத்து நான்கு தாள்கள். வரிசை கிடையாது. ஒன்பது தாள்கள் இரண்டு முறை அச்செடுக்கப்பட்டவை. ஒன்று மருந்துக்கடை ரசீது.

"லெட்டர் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"முந்தின வாரம், அங்கிள்."

தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேல்முறையீடு செய்யப் பதினான்கு நாள் கொடுத்திருந்தார்கள். பத்து நாள் போயிருந்தது.

"பத்து நாளா என்ன பிள்ளை செஞ்சுக்கிட்டு இருந்தே?"

"பயமா இருந்துச்சு அங்கிள்."

"நீ பயந்தா காலண்டர் நின்னுடுமா?"

அம்மா குறுக்கிட்டார். "என்கிட்டயே நேத்துதான் ஐயா சொன்னா. கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு, பத்து நாளா ஷாப்பிங் காம்ப்ளக்ஸ்ல போய் உக்காந்திருக்கா. நான் வேற டெய்லி சோறு கட்டிக் குடுத்திருக்கேன்."

விஷயம் இதுதான். அவள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்தாள். இறுதி ஆய்வறிக்கைக்காக, அம்மாவைப் போல ஷிப்ட் வேலை செய்யும் பெண்கள் வீட்டுச் சமையலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பதினான்கு பெண்களைப் பேட்டி கண்டு எழுதியிருந்தாள். அந்த அறிக்கையைச் சோதித்த மென்பொருள், இதில் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. விரிவுரையாளரும், வகுப்பில் இவள் பேசும் ஆங்கிலத்துக்கும் அறிக்கையின் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். முதல் விசாரணையில் முடிவு வந்தது: அறிக்கைக்குப் பூஜ்யம், இரண்டு செமஸ்டர் நீக்கம்.

"ஒரு வருஷம்தானே, திரும்பப் போகலாம்" என்றேன் சமாதானமாக.

"போகமாட்டா ஐயா" என்றார் அம்மா. "லோன் நின்னுடும். அது நின்னா நானும் கட்ட முடியாது. எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்களான்னு நேத்தே கேட்டுட்டா. இவ என் பக்கத்துல நின்னு ஸ்க்ரூ முடுக்கறதுக்கா நான் பதினேழு வருஷமா முடுக்கினேன்?"

அந்தப் பெண் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, முதல் விசாரணையில என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?"

"ஏஐ யூஸ் பண்ணியான்னு கேட்டாங்க. கொஞ்சம்னு சொன்னேன்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "கொஞ்சம்னா?"

"எழுதி முடிச்சப்புறம் கிராமர் மட்டும் அதுல போட்டு திருத்தினேன் அங்கிள். எல்லாரும் செய்யறாங்க."

"இதை அங்க விளக்கிச் சொன்னியா?"

"இல்ல. அவங்க அதுக்கு மேல கேக்கல."

ஆங்கிலமும் மலாயும் தமிழும் படித்த பெண். பதினாறு ஆண்டுகள் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் கழித்தவள். தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவர்கள் குறிப்பில் எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டாவது தேநீரும் ஆறிப்போனது.

அடுத்த மூன்று நாளும் அந்த மூலை மேசையில்தான் உட்கார்ந்தோம். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துப் பரம்பரை, வாய் சும்மா இருக்காது. "என்ன ஐயா, மேசைக்கு உங்க பேர் போட்டு போர்டு மாட்டிடவா? வக்கீல் ஆபீஸ்னு போட்டா எனக்கும் மரியாதை லா" என்பார், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா' சேர்த்து. எனக்கோ இணையதளத்தோடு போராட்டம். மேல்முறையீட்டைப் பல்கலைக்கழக இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எங்களை வெளியே தள்ளியது. ஒரே மத்தியானத்தில் ஏழு முறை மீண்டும் நுழைந்தோம். கோப்பு பெரிதாக இருக்கிறது என்றது. சிறிதாக்கினால் எழுத்துத் தெரியவில்லை என்றது. உதவி எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் வெவ்வேறு ஆள் எடுத்து, ஒரே பதிலைச் சொன்னார்கள்: இணையதளத்தில் பாருங்கள்.

இதற்கு நடுவில் அவளிடம் ஆதாரம் கேட்டேன். "கையால எழுதின குறிப்பு, முதல் பிரதி, அடிச்சுத் திருத்தின தாள், எதாவது இருக்கா?"

"பேப்பர்ல இல்ல அங்கிள். பஸ்ல போறப்ப போன்ல பேசி வெச்சுக்குவேன். தமிழ்ல. அப்புறம் வீட்டுல கேட்டுக் கேட்டு இங்கிலீஷ்ல எழுதுவேன்."

"பேச்சு எல்லாம் எதுக்கு? நான் பேப்பர் கேக்கறேன்."

"அறுபத்து மூணு வாய்ஸ் நோட் இருக்கு அங்கிள். கேக்கறீங்களா?"

"நேரம் இல்ல பிள்ளை. ரெண்டு நாள்தான் பாக்கி."

"ஓகே அங்கிள்."

இந்த "ஓகே அங்கிள்" தான் என்னை வாட்டி எடுத்தது. எதைச் சொன்னாலும் ஓகே அங்கிள். மூன்று நாளில் நாற்பதுக்குக் குறையாது. மறுத்துப் பேசினாலாவது விவாதிக்கலாம்.

கடிதத்தை எழுதி முடித்தேன். ஆறு பக்கம், இருபத்தேழு பத்தி, ஒவ்வொன்றுக்கும் எண். ஆங்கிலம் என்றால் அந்தக் காலத்து அலுவலக ஆங்கிலம். மேலதிகாரிகள் இரண்டாம் முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். பதினான்காவது பத்தியில் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைச் சமாளித்தேன். பதற்றத்தில் கேள்வி புரியாமல் சொல்லப்பட்டது, மாணவி எந்தக் கருவியையும் எப்போதும் பயன்படுத்தியதில்லை என்று எழுதினேன்.

அவள் ஆறு பக்கத்தையும் படித்தாள். விரல் அந்தப் பத்தியில் நின்றது.

"அங்கிள், நான் கிராமர் திருத்தினேனே. இதுல இல்லைன்னு இருக்கு."

"ஆபீஸ்ல ஒரு விஷயம் உண்டு. ஒரு இடத்துல ஒத்துக்கிட்டா, பைலை அங்கேயே மூடிடுவாங்க. அதைத் திறந்து விடக்கூடாது. புரியுதா?"

அந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு, "ஓகே அங்கிள்" என்று கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை பத்து நாள் கழித்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருந்த வளாகத்தில், காலை பத்து மணிக்கு. மாணவர் தன் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், ஆனால் அந்தத் துணை வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, நான் போனேன். அறையில் மொத்தம் ஆறு பேர். தலைவர் ஒரு மலாய்ப் பெண்மணி. இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் வயதான சீனர், மற்றவர் இளம் விரிவுரையாளர். குறிப்பெடுக்க ஒரு செயலாளர் பெண். பிறகு இவளும் நானும். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

தலைவர் முன்னால் என் கடிதம் இருந்தது. பல இடங்களில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். ரசித்துப் படித்திருக்கிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் முதலில் கேட்டது, ஒன்பதாவது பத்தியில் உள்ள ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று. அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு சொல்லைக் கேட்டார். அதுவும் தெரியவில்லை. என் தொண்டை தானாகக் கனைத்தது. செயலாளர் என்னைப் பார்த்து, "அங்கிள், ப்ளீஸ்" என்றார்.

தலைவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "முதல் விசாரணையில் 'கொஞ்சம்' என்று சொன்னாய். இந்தக் கடிதத்தில் 'எப்போதும் இல்லை' என்று இருக்கிறது. எது உண்மை?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பேசக்கூடாது. ஆனால் தலையை ஆட்டக்கூடாது என்று விதியில் இல்லையே. மிகக் கொஞ்சமாக, கடிதத்தைப் பார்த்துத் தலையை அசைத்தேன். எழுதினதையே சொல், விட்டுவிடாதே என்று அர்த்தம். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் பேசியது உடைந்த ஆங்கிலமும் மலாயும் கலந்தது. தமிழில் எழுதினால் இப்படி வரும்: "டாக்டர், இந்த லெட்டர் நான் எழுதல. அங்கிள் எழுதினார். மூணு நாள் எனக்காக உட்கார்ந்து எழுதினார், அதனால சைன் பண்ணிட்டேன். கொஞ்சம்னு சொன்னதுதான் உண்மை. கிராமர் திருத்தினேன். ஆனா ரிப்போர்ட் என்னுது."

ஆறு பேர் இருந்த அறையில் நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதாததை உன் பெயரில் கொடுத்தாய் என்பதுதான் உன்மேல் உள்ள குற்றச்சாட்டு. அதை மறுப்பதற்கு, நீ எழுதாத ஒரு கடிதத்தை உன் பெயரில் கொடுத்திருக்கிறாய்."

எட்டு ஆண்டு, முப்பத்திரண்டு கடிதம். இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எங்கள் காலத்தில் கடிதம் என்றால் எழுதத் தெரிந்தவர் எழுதுவார், தேவைப்பட்டவர் கையெழுத்துப் போடுவார். அதில் என்ன தப்பு என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். அன்று சிரிப்பு வரவில்லை. எழுந்து ஏதோ சொல்லப் போனேன். "அங்கிள், டூடோக்" என்றார் செயலாளர், உட்காருங்கள் என்று. உட்கார்ந்தேன்.

சீன உறுப்பினர்தான் மெதுவாகக் கேட்டார், ரிப்போர்ட் உன்னுடையது என்பதற்கு என்ன இருக்கிறது என்று. அவள் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் பேசிப் பேசித்தான் எழுதுவேன். தமிழில் இருக்கு. மொழிபெயர்த்துச் சொல்லட்டுமா?"

பஸ் இரைச்சல் கேட்டது. இறங்குவதற்கான மணி அடித்தது. அவள் குரல்: "மூணாவது அக்கா. நைட் ஷிப்ட். காலைல வந்து சமைச்சுட்டுத்தான் படுக்கறாங்க. எந்திரிச்சுப் பாத்தா சட்டி காலி. பிள்ளைங்க தின்னு முடிச்சிருதாம். பத்து வருஷமா அவங்க சமைச்ச கறி அவங்களுக்குக் கிடைச்சதில்லையாம், சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. இதை டேபிள்ல போடக் கூடாது. டேபிள்ல போட்டா செத்துடும்."

அவள் நிறுத்தி நிறுத்தி மலாயில் சொன்னாள். சீன உறுப்பினர் அறிக்கையைப் புரட்டினார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்து, "இங்கே இருக்கிறது" என்றார். பிறகு அவரே கேட்டார்: "ஏன் அட்டவணை வேண்டாம்? உன் மேற்பார்வையாளர் அட்டவணை கேட்டிருப்பாரே?"

"கேட்டார், டாக்டர். போட முடியாதுன்னு சொன்னேன்."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. எத்தனை மணிக்கு அரிசி போடுகிறார்கள் என்பதை அட்டவணையில் போடலாம், யாருக்காகப் போடுகிறார்கள் என்பதைப் போட முடியாது என்றாள். ஒரு சொல் ஆங்கிலத்தில் வராவிட்டால் மலாயில் சொன்னாள், அதுவும் வராவிட்டால் கையால் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். இளம் விரிவுரையாளர் இரண்டு இடத்தில் மடக்கினார். ஒரு இடத்தில் அவள் தன் தவற்றை ஒப்புக்கொண்டாள், இன்னொரு இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். மூன்று நாளில் என்னிடம் அவள் சேர்ந்தாற்போல ஒன்பது வாக்கியம் பேசியதில்லை. நான் பேச விட்டதும் இல்லை.

அறுபத்து மூன்றில் பதினொரு பதிவுகளைக் கேட்டார்கள். கடைசியில் தலைவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை உன் கையால் எழுது, இருபது நிமிடம் என்றார். அவள் குனிந்து எழுதினாள். பன்னிரண்டு வரி. என் இடத்திலிருந்தே இரண்டு எழுத்துப்பிழை தெரிந்தது. என் கை என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. தலைவர் அதை வாங்கிப் படித்தார், கோப்பில் வைத்தார். என் ஆறு பக்கத்தையும் கோப்பிலிருந்து உருவிச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நான் பொறுமை இழந்துவிட்டேன்.

"எல்லார் முன்னாலயும் என்னை இப்படி மாட்டி விட்டுட்டியே! கையெழுத்துப் போடும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னேன் அங்கிள். நீங்க பைலைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

நான் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்: "அந்த லெட்டர்ல இருக்கற பொண்ணு ரொம்ப கெட்டிக்காரி லா, அங்கிள். அவளைப் படிச்சுட்டு என்னைப் பாத்தா யார் நம்புவாங்க?"

அப்போது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது, பின்னால் தட்டுச் சத்தம். "என்னடி ஆச்சு? ஐயா நல்லாப் பேசினாரா?"

"அங்கிள் ஒண்ணும் பேசலம்மா" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. நான் எட்டாம் நாளிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீக்கமும் பூஜ்யமும் ரத்து. ஆனால் மொழி திருத்தும் கருவியைப் பயன்படுத்தியதை அறிக்கையில் குறிப்பிடாதது தவறு என்று மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். ஆய்வு முறை அத்தியாயத்தை, குரல் பதிவுகளைப் பற்றி விளக்கி, மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். நான் அதைப் பார்க்கவில்லை. அவள் காட்டவும் இல்லை. அந்த அத்தியாயம் ஏற்கப்பட்டு, பட்டமும் வாங்கிவிட்டாள்.

அவள் அம்மா கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களாலதான் ஐயா. நீங்க இல்லைன்னா இவ இப்ப என் லைன்ல நின்னிருப்பா" என்றார். கடைக்காரர் வேறு, "இன்னிக்கு வக்கீல் சாருக்குத் தேநீர் இலவசம்" என்று சத்தம் போட்டார்.  பெண் நினைத்திருந்தால் உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். நான் தேநீரைக் குடித்தேன்.

இப்போதும் பிள்ளைகள் வருகிறார்கள். நாள் எண்ணுவேன், இணையதளத்தோடு மல்லுக்கட்டுவேன், கூடவே போவேன். கடிதத்தை மட்டும் அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவர்கள் எழுதும் ஆங்கிலத்தைப் பார்த்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. ஒருவன் ஒரே பத்தியில் ஐந்து இடத்தில் தப்புச் செய்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். அது எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்தத் தலையசைப்பைப் பற்றி அவள் அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன்: அன்று நேர்மை இல்லை என்று விசாரிக்கப்பட்டவள் அந்தப் பெண், அந்த அறையில் பொய் சொல்லச் சொன்ன ஒரே ஆள் நான், என் பேச்சை அவள் கேட்கவில்லை என்பதற்காக நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியவன், இன்னும் சொல்லவில்லை.